கையேடு மாமாவின் விளக்கம்

அந்த வண்டியில் ஃபியூஸ் பெட்டி ஒன்றல்ல, இரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 'ஃபியூஸ் பெட்டியை எப்போது திறந்தாய்' என்று நீங்கள் ஒருமையில் கேட்டீர்கள். எதை என்று தெரிந்தால்தானே எப்போது என்று சொல்ல முடியும். குற்றம் கண்டுபிடிப்பதாக நினைக்க வேண்டாம், ஐயா. கனரக பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பெட்டி பானட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், கறுப்பு மூடி போட்டு இருக்கும். பெரிய வேலைகள் எல்லாம் அதில்தான். டீசல் பம்ப், விசிறி, பின்னால் மாட்டுகிற டிரெய்லருக்குப் போகும் மின்சாரம். இன்னொன்று வண்டிக்குள்ளே, டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் கால் இடிக்கிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குப் பின்னால். வைப்பர், ஹார்ன், ரேடியோ மாதிரிச் சில்லறை வேலைகள் அங்கே. ஃபியூஸ் என்பது நகத்தளவு பொருள். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால், தான் எரிந்து கம்பியைக் காப்பாற்றும். எது எங்கே இருக்கிறது என்று மூடியின் உள்பக்கத்தில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து பொடி எழுத்து. எனக்குப் பொடி எழுத்து பழக்கம்தான்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். எழுதிக்கொண்டிருக்கும் தம்பி 'மெய்ப்பு'க்குப் பின்னால் 'த்' போடாமல் விட்டிருக்கிறார், பரவாயில்லை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இயந்திரங்களோடு வருகிற கையேடுகளை அச்சடிக்கும் அச்சகத்தில் வேலை. துணி துவைக்கிற மெஷின், தண்ணீர் மோட்டார், தையல் மெஷின். பெட்டியைப் பிரித்ததும் நீங்கள் தூக்கி எறிகிறீர்களே ஒரு சின்னப் புத்தகம், அதை எழுத்தெழுத்தாகப் படித்தவர் இந்த உலகத்தில் ஒருவராவது உண்டு. அது நான்.

தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஒரு முறை நிச்சயம் ஆனது. அழைப்பிதழில் பெண்ணின் அப்பா தம் பெயரையே பிழையாக எழுதிக் கொடுத்திருந்தார். எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். அதோடு நின்றுபோனது.

தங்கை வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். மலைமேல் கல்லறுக்கும் பட்டறை இருக்கிறது அல்லவா, அங்கிருந்து பலகைக் கற்களை டிரெய்லரில் ஏற்றிக் கீழே கட்டட வேலை நடக்கிற இடங்களில் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். பெரிய குரல், பெரிய கை. தெருவில் அவர் நடந்து வந்தால் நாலு பேர் சும்மா சிரிப்பார்கள். அவரைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. எனக்கும் பிடிக்கும். தம்பி இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

புது வண்டி வாங்கியபோது அதன் கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு அறைக்குள் கிடந்தது. நான் கேட்டேன், "மாப்பிள்ளை, இதைப் படிச்சீங்களா?"

"அது எதுக்கு மச்சான்? நான் பதினெட்டு வயசுலேருந்து வண்டி ஓட்டறேன்."

"இது அந்த வண்டி இல்லையே."

"சக்கரம் நாலுதானே இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மாடிக்கு எடுத்துப் போனேன். படித்து முடித்தபோது அந்த வண்டி மேல் எனக்கு மரியாதை வந்தது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். அச்சுப் பிழைகூட அதிகமில்லை.

கையேடு மாமா என்கிற பெயர் ஒரு மழை நாளில் வந்தது. குடும்பமே வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். கொட்டுகிற மழையில் வைப்பர் நின்றுவிட்டது. நான் முன் சீட்டில் இருந்தேன். பெட்டி என் காலடியில்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வந்ததில்லை.

"ஓரமா நிறுத்துங்க, மாப்பிள்ளை. இது ஃபியூஸாத்தான் இருக்கும். இந்தத் தட்டைக் கழட்டினா உள்ள வரிசையா இருக்கும், மேலேருந்து எண்ணிக்கிட்டு வரணும், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும்..."

"நீங்க தெரிஞ்சு முடிக்கறதுக்குள்ள மழை விட்ரும் மச்சான்," என்று சொல்லி, அவர் டேஷ்போர்டு மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார். வைப்பர் ஓட ஆரம்பித்தது.

பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். "கையேடு மாமா அவுட்டு" என்றாள் சின்னவள். மாப்பிள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. ஃபியூஸ் தளர்ந்திருந்தது, அதிர்ச்சியில் சரியாக உட்கார்ந்துவிட்டது, ஆகவே நான் சொன்னதுதான் சரி. இதை நான் இரண்டு தெரு வரைக்கும் விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் பால்காரர் வரைக்கும் என்னைக் கையேடு மாமா என்று கூப்பிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, அச்சகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தெரியாதவர்களுக்குத் தெரியவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அதனால் ஹார்ன் ஃபியூஸை எடுத்தேன். ஹார்ன் அடிக்காது, மாப்பிள்ளை என்னிடம் வருவார், நான் பெட்டியைத் திறந்து காட்டுவேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்கு. சட்டைப் பையில் அந்த ஃபியூஸை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வழி விடுங்க சாமி, ஹார்ன் லீவுல இருக்கு" என்று கத்திக்கொண்டு போனார். சந்தையில் வழி விட்டார்கள். சிரித்துக்கொண்டே விட்டார்கள். ஹார்ன் இருந்தபோது இவ்வளவு சீக்கிரம் விட்டதில்லையாம்.

ரேடியோ ஃபியூஸை எடுத்தேன். அவரே பாட ஆரம்பித்தார். சகிக்காத குரல். பிள்ளைகளுக்கு ரேடியோவைவிட அது பிடித்துப்போனது. பிறகு ஏசி. ஜன்னல்களை இறக்கிவிட்டார், பிள்ளைகள் காற்றில் கையை நீட்டிக்கொண்டு கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அந்த வண்டியில் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. இப்படி ஆகும் என்று கையேட்டில் எங்கும் போடவில்லை.

ஒரு நாள் தங்கை அவரிடம் சொன்னது மாடிப்படியில் இருந்த என் காதில் விழுந்தது. "அண்ணாகிட்ட ஒரு தடவை காட்டுங்களேன். பெருமையா செஞ்சு தருவான்."

"பாவம், நாள் முழுக்கப் பொடி எழுத்தா பாத்துட்டு வர்றாரு. அவரைப் போயி தொந்தரவு பண்ணணுமா? ஹார்ன் இல்லாம நான் செத்தா போயிட்டேன்?"

பாவம் என்றார், கவனித்தீர்களா. என்னைப் பாவம் என்று சொல்ல அவர் யார்.

சில்லறை விஷயங்களை எடுத்ததுதான் என் தவறு என்று அப்போதுதான் புரிந்தது. கற்றுக்கொடுப்பதென்றால் முக்கியமான இடத்தில் தொட வேண்டும். கல் ஏற்றிய டிரெய்லர் வண்டியைவிடக் கனம். அதை வண்டியின் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது என்பதால் டிரெய்லர் சக்கரங்களுக்குத் தனியாக மின்சார பிரேக் வைத்திருக்கிறார்கள். அதற்கான ஃபியூஸ் பானட்டுக்குள் இருக்கிற பெட்டியில். தம்பி 'பிரேக் ஃபியூஸ்' என்று எழுதியிருக்கிறார். அப்படி எழுதினால் வண்டியின் பிரேக்கையே நான் கெடுத்துவிட்டதாக அர்த்தமாகும். அதில் நான் கை வைக்கவில்லை. என்னை என்னவென்று நினைத்தீர்கள். டிரெய்லர் பிரேக் ஃபியூஸ் என்று இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். தங்கைக்கு ஒரே சந்தோஷம், எனக்கு எலுமிச்சைச் சாறுகூடக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஃபியூஸை எடுத்தேன். ஆமாம், நான்தான் எடுத்தேன், ஐயா. மறுக்கவில்லை.

அந்த இடத்தில் எரிந்துபோன ஃபியூஸ் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். அதையும் நான்தான் செருகினேன். காலியாக விட்டால் ஈரமும் தூசியும் சேரும், கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எரிந்த ஃபியூஸ் கடையில் விற்பதில்லை என்பதால் புதிதாக ஒன்று வாங்கி, மாடியறையில் பழைய பேட்டரியில் வைத்து நானே எரித்துக்கொண்டேன். யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. சுத்தத்துக்காக.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக்குக்கென்று ஒரு சின்னத் திரை இருக்கிறது. ஃபியூஸ் போனால் அது அணைந்துவிடும். ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். மாப்பிள்ளை அதன்மேல் மகள் வரைந்த பூனைப் படத்தை ஒட்டிவைத்திருந்தார். இப்படி வண்டி ஓட்டுகிறவரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் அவருக்கு நான் ஒரு வாய்ப்பு கொடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் நின்று சொன்னேன், "மாப்பிள்ளை, பாரம் ஏத்தின பிறகு, இறக்கத்துல இறங்கறதுக்கு முன்னாடி டிரெய்லர் பிரேக்கைத் தனியா ஒரு தடவை பிடிச்சுப் பாக்கணும். புத்தகத்துல போட்டிருக்கு."

அவர் என் தோளில் கை போட்டார். "நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு மச்சான் புத்தகம்?"

அவ்வளவு தூரம் சொல்லியும் கேலிதான்.

அப்போது தங்கை கைப்பையோடு வெளியே வந்தாள். சமையலறை மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்கப் பட்டறைக்கு அவளும் போகிறாளாம். இது என் கணக்கில் இல்லாதது. நான் தடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "வெயிலா இருக்கே" என்றேன். "அதுக்கென்ன அண்ணா, ஜன்னல் இருக்கே" என்று சொல்லி ஏறிவிட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூட வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் அவரைத் திருத்தினால் அவருக்குத்தானே அவமானம்.

மலை ஏறும்போது டிரெய்லர் காலி, ஒன்றும் தெரியாது. கல் ஏற்ற மதியம் ஆகும். நான் அச்சகத்துக்குப் போய் வேலையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு மாவரைக்கும் மெஷினின் கையேடு. ஒரு போன் செய்தால் என்ன என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் செய்வது ஆபத்து. அதனால் செய்யவில்லை.

போன் அங்கிருந்து வந்தது.

"அண்ணா, பிரேக் பிடிக்கல. வண்டி ஓடுது அண்ணா. இவர் உன்கிட்ட கேக்கச் சொல்றாரு, உனக்குத் தெரியும்கறாரு."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான், என்ன செய்யணும்? சொல்லுங்க."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டுவிட்டார். வெளியே அச்சு இயந்திரம் சத்தம் போட்டதால் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பதறாதீங்க. இதை மொதல்லேருந்து புரிஞ்சுக்கணும்," என்றேன். "டிரெய்லர் பிரேக் வேற, வண்டி பிரேக் வேற. வண்டி பிரேக் எண்ணெயில வேலை செய்யும். டிரெய்லர் பிரேக் மின்சாரத்துல வேலை செய்யும். அந்த மின்சாரம் எங்கேருந்து வருதுன்னா..."

"மச்சான், சீக்கிரம்."

"குறுக்கே பேசினா இன்னும் நேரமாகும், மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் குறுக்கே பேசவில்லை. தங்கை ஏதோ கத்தினாள், ஆனால் அது கேள்வி அல்ல. நான் தொடர்ந்தேன்.

அந்த வண்டியில் கியர் பிடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், இறக்கத்துக்கென்றே வைத்தது. அவர் ஓட்டிப் பழகிய பழைய வண்டிகளில் அது கிடையாது. அதை ஏன் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. பொத்தான் நான்காவதாக வருகிற விஷயம், ஐயா. நான் இரண்டாவதில் இருந்தேன். அடிப்படை தெரியாமல் பொத்தானை மட்டும் அழுத்தக் கற்றுக்கொண்டால் அது அறிவாகுமா. மூன்றாவதை ஆரம்பிக்கும்போது தொடர்பு அறுந்துவிட்டது.

மலையடிவாரத்து வளைவில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. நிறைய பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியை அந்தப் பக்கம் போகவிடாமல் ஒடித்துப் பாறையில் மோதினார். டிரெய்லர் பின்னாலிருந்து வந்து டிரைவர் பக்கத்தை நசுக்கியது. ஸ்டியரிங்கை அப்படி ஒடிக்கக் கூடாது என்று கையேட்டில் எச்சரிக்கையே இருக்கிறது, கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் படிக்கவில்லை.

அடக்கத்துக்கு அந்த பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து, முன்பின் தெரியாத என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எப்படி ஆயிற்று என்று கூட்டத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் தயாராகத்தான் போயிருந்தேன். எல்லோரும் அவர் எவ்வளவு நல்லவர் என்பதையே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வண்டியைச் சோதித்த நிபுணர், கல் பாரம் அதிகமானதால் ஃபியூஸ் எரிந்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். கல்லின் பாரத்துக்கும் ஃபியூஸுக்கும் என்ன சம்பந்தம். மின்சாரம் மிஞ்சினால்தான் ஃபியூஸ் எரியும். இவரை யார் நிபுணர் ஆக்கினார்களோ. வீட்டுக்கு வந்த நகலில் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்தேன்.

நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. கேட்க வைக்க நினைத்தேன். கேட்டுவிட்டார். ஆகவே நான் நினைத்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதே என் தரப்பு. இந்தத் தாளின் தலைப்பில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று போட்டிருக்கிறீர்கள். 'விளக்கக் குறிப்பு' என்றால் இன்னும் பொருத்தம். உங்கள் விருப்பம்.

இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆனால் பேச்சு வந்துவிட்டது. இத்தனை நாளாக விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தவள், இன்றைக்கு என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அண்ணா, பிரேக் பிடிக்கலன்னுதான் நான் சொன்னேன். டிரெய்லர் பிரேக்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் இரண்டு பெட்டிகளையும் வரைந்து காட்டினேன். ஹார்ன், ரேடியோ, ஏசி, எரித்த ஃபியூஸ், எல்லாம். நடுவில் அவளுக்குக் களைப்பாக இருக்குமே என்று நிறுத்தப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"சொல்லு அண்ணா. ஒண்ணும் விடாம சொல்லு."

பொத்தான் வரைக்கும் வந்தேன், நான்காவது வரைக்கும். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, போன் வேண்டும் என்றாள். உங்களிடம்தான் பேசியிருக்கிறாள் என்று இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் சொன்னது தப்பும் தவறுமாகப் பதிவாகிவிடக் கூடாதே என்கிற அக்கறை அவளுக்கு. நிம்மதியாகப் பேசட்டும் என்று நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. என் விளக்கத்தை முழுதாகக் கேட்டு இப்படி நெகிழ்ந்துபோனவள் அவள் ஒருத்திதான்.